கடைசிக் கட்டை என் கண் முன்னால் அவிழ்

கண்ணு,

ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு அப்பன் மகனுக்குக் கடிதம் எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும்தான். நேரில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரிங்கப்பா" என்று சொல்லிவிடுகிறாய். உன் "சரிங்கப்பா"வை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் என் மாமனாரிடம், அதாவது உன் அம்மாவைப் பெற்ற அப்புச்சியிடம், "சரிங்க மாமா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும், பெரியவர் மனசு குளிர்ந்துவிடும், பிறகு நாம் நினைத்ததை நாம் செய்துகொள்ளலாம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்திடம் யாரும் சரிங்கப்பா சொல்லி அதன் வாயை அடைக்க முடியாது. நம் லாரிக்காரர்கள் சங்கத்து மலரிலும் இதைப் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். ஊருக்கெல்லாம் என்னத்துக்கு என்று உன் அம்மா கேட்டாள். ஊருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான் இது.

விஷயம் இதுதான். நான் கட்டுகிற கடைசிக் கட்டை நீ எனக்குத் தெரியாமல் அவிழ்த்து, திரும்பக் கட்டுகிறாய். எத்தனை நாளாக நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடக்கிறது.

மலரைப் படிக்கிற வெளியாட்களுக்கு நம் வழக்கம் தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம்முடையது பக்கப் பலகை இல்லாத திறந்த லாரி. கிணத்துக்கடவுக்குத் தெற்கே இருக்கும் நார் மில்லில் தென்னை நார் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூரில் மெத்தை செய்கிற இடத்துக்குக் கொண்டுபோவதுதான் தொழில். ஒவ்வொரு மூட்டையும் இரும்புப்பெட்டி அளவுக்கு இருக்கும், ஆனால் பாரம் அதிகமில்லை. அதனால் வண்டி தாங்குகிறதே என்று வானத்தைப் பார்க்க அடுக்குவார்கள். அடுக்கியதைப் பெல்ட்டு போட்டு இறுக்கி, அதன்மேல் தார்ப்பாய் விரித்து, ஒரே நீளக் கயிற்றைக் கொக்கிக்குக் கொக்கி மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டே வந்து, இடது பக்கம் பின்மூலையில் முடிப்பார்கள். அந்தக் கடைசி முடிச்சைக் குடும்பத்தில் மூத்தவர்தான் போட வேண்டும். அப்புச்சி காலத்திலிருந்து நம் வீட்டில் அப்படித்தான். அவர் முடிச்சுப் போட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டால் அதற்கப்புறம் அந்தக் கட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. கை வைத்தால், பெரியவரே உங்கள் கட்டு சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. யாரைப் பார்த்தாலும் ஒரு "ங்க" சேர்த்துப் பேசுகிற நம் ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

நீ இடது கைக்காரன். அதை மறந்துவிட்டாய் போல. போன மாதம் மெத்தைக்கார இடத்தில் சரக்கை இறக்கும்போது கட்டை அவிழ்க்கப் போனேன். என் கை தானாக ஒரு பக்கம் இழுத்தது, முடிச்சு வரவில்லை. குனிந்து பார்த்தால் கயிறு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. முப்பது வருடம் ஒரே பக்கமாகச் சுற்றிய கைக்கு அது தெரியாமல் போகுமா? அடுத்த லோடு போகும்போது, மில்லில் இருந்து நாலு கிலோமீட்டர் தாண்டி வருகிற அந்தப் பேக்கரியில் வழக்கம்போல நிறுத்தினாய். "நீங்க டீ சொல்லுங்கப்பா, நான் டயரைப் பாத்துட்டு வாரேன்" என்றாய். நான் உள்ளே போய், பப்ஸ் அடுக்கியிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு உன்னைப் பார்த்தேன்.

டயரை நீ திரும்பியும் பார்க்கவில்லை. நேராகப் பின்மூலைக்குப் போனாய். என் முடிச்சை அவிழ்க்க உனக்கு இரண்டு விரல் போதுமாக இருந்தது. முழங்காலைத் தளத்து விளிம்பில் ஊன்றி, உடம்பை மொத்தமாகப் பின்னால் சாய்த்துக் கயிற்றை இழுத்தாய். தார்ப்பாய் மூட்டையோடு ஒட்டிக்கொண்டு முறுகியது எனக்கு உள்ளே இருந்தே தெரிந்தது. முடிச்சுப் போட்டாய். முனை எவ்வளவு தொங்க வேண்டுமோ, நான் விடுகிற அளவுக்கே பார்த்து விட்டாய். கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாய். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "டீ ஆறிருச்சுங்களாப்பா?" என்று கேட்டாய். "இல்லடா சாமி, சூடாத்தான் இருக்குது" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு ரத்தம் கொதித்தது. இவனுக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான், இவன் என் கட்டை அவிழ்ப்பதா என்று. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆகிவிட்டது. என் மானத்தைக் காப்பதற்காக எத்தனை லோடு இந்த நாடகத்தை ஆடியிருக்கிறாய், ஒரு நாளாவது முகத்தில் காட்டினாயா என்று எண்ணிப் பார்த்தேன். தொப்பம்பட்டிச் சந்தையில் ஒரு கத்தரிக்காய்க்குக் கூடச் சண்டை போடுகிற எனக்கு இப்படி ஒரு பையனா என்று உன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதம் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. சொன்னால் நம்பமாட்டாய், கண் கலங்கிவிட்டது. காற்று பட்டுத்தான் என்று கண்ணாடியை ஏற்றினேன்.

ஈச்சனாரி தாண்டும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பேக்கரியில்தானே நீ கட்டை மாற்றுகிறாய்? அப்படியென்றால் மில்லில் இருந்து பேக்கரி வரைக்கும் என் கெட்ட கட்டோடுதானே ஓட்டுகிறாய்? அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றி உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை என்னால் விட முடியவில்லை. மேற்கே பார், வடக்கிலிருந்து தெற்குவரை மலை சுவராக நிற்கிறது. பாலக்காட்டுப் பக்கம் மட்டும் ஒரு சந்து. கடலிலிருந்து கிளம்பி வருகிற காற்றெல்லாம் அந்தச் சந்துக்குள் முண்டியடித்து நுழைந்து நம் கிணத்துக்கடவு மேல் வந்து விழுகிறது. மழையை மலையாளத்துக்காரனுக்குக் கொடுத்துவிட்டு வேகத்தை மட்டும் நமக்குக் கொண்டுவருகிறது. ஆனியில் தொடங்கினால் ஆடி முடிகிறவரை ஓய்வில்லை. நம் பக்கத்துத் தென்னைகள் எல்லாம் கிழக்கே பார்த்துச் சாய்ந்திருப்பது ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நம் ஊர்க்காரன் மட்டும்தான் அதைச் சொல்லும்போது சிரிக்கமாட்டான்.

ஒரு வருடம் காற்றாலை இறக்கை ஒன்றை நீள டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் பொள்ளாச்சி ரோட்டில் ஓரம் கட்டி நின்றிருந்தார்கள். அவ்வளவு நீளத்தை நான் அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை, முனையிலிருந்து முனைக்கு நடந்து பார்த்தேன், கால் வலித்தது. ஏன் நிற்கிறீர்கள் என்று டிரைவரைக் கேட்டேன். "காத்து அடங்கட்டுமுன்னு நிக்கறமுங்க" என்றார். காற்றைப் பிடிப்பதற்கென்றே செய்த சாமான், காற்றுக்குப் பயந்து காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தது. அந்த டிரைவர் முகத்தில் வெட்கமும் இல்லை, அவசரமும் இல்லை. பெரிய வண்டிக்காரன் நின்றால் அது ஒழுங்கு, நாம் நின்றால் மட்டும் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொள்கிறோம். நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும் கண்ணு. ஓட்டுகிற தைரியத்தைவிட அது பெரிது.

நான் அந்தக் காற்றின் கையில் ஒரு தடவை அகப்பட்டிருக்கிறேன். கல்யாணம் முடிந்த முதல் ஆடி. ஆடிக்கு அழைத்தார்கள் என்று மில்லை ஒட்டியிருந்த மாமனார் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் சும்மா இருக்காமல், வேலை தெரிந்த மாப்பிள்ளை என்று காட்டிக்கொள்ள லோடின்மேல் ஏறித் தார்ப்பாயை உதறி விரித்தேன். வண்டியைக் காற்றுக்கு முகம் கொடுத்து நிறுத்த வேண்டும் என்றோ, தார்ப்பாயைச் சுருட்டியபடியே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி விரிக்க வேண்டும் என்றோ எனக்குத் தெரியாது. காற்று துணியைத் தள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். அது தள்ளுவதில்லை, அடியில் புகுந்து தூக்குகிறது. விட்டிருந்தால் தார்ப்பாய் மட்டும் போயிருக்கும். மாப்பிள்ளை விடுவானா? கயிற்றைக் கையில் வேறு சுற்றி வைத்திருந்தேன். கால் மூட்டையை விட்டுக் கிளம்பியது தெரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு மில் கூரையும், களத்தில் காய்கிற நாரும், வாசலில் நிற்கிற உன் அம்மாவும் கீழே தெரிந்தார்கள். அப்புறம் நார்க் குவியலில் விழுந்தேன். உன் அம்மா சிரித்த சிரிப்பை இன்றைக்கும் நிறுத்தவில்லை, ஆடிச் சீராக எங்கப்பா உங்களுக்கு ஆகாயத்தையே காட்டினார் என்பாள். விழுந்த இடம் நாராக இல்லாமல் கல்லாக இருந்திருந்தால் நீ பிறந்திருக்கவே மாட்டாய். அன்றிலிருந்து கயிற்றைக் கையில் சுற்றியதில்லை. தார்ப்பாய் கிளம்பினால் விட்டுவிடு, ஓடிப்போய்ப் பிடிக்காதே. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது மாட்டுக்கும் ஆகாது, தார்ப்பாய்க்கும் ஆகாது.

இப்போது அந்த நாலு கிலோமீட்டர். அப்போது உனக்கு மூன்று வயது. வண்டி அப்புச்சியுடையது, ஓட்டுவது நான். அதுவும் ஆடி மாதம். அப்புச்சிக்குச் சர்க்கரை நோய் முற்றி விரல்களில் உணர்ச்சி போய்க்கொண்டிருந்த நேரம், ஆனால் அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை. லோடு ஏற்றி முடித்ததும் வழக்கம்போல வந்து கடைசிக் கட்டைக் கட்டினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "போயிட்டு வாங்க மாப்ள" என்றார். நான் வண்டியில் ஏறுவதற்காகப் பின்பக்கம் சுற்றி வந்தபோது முடிச்சைப் பார்த்தேன். அதற்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. லோடுமேன்கள் ஆறு பேர் நிற்கிறார்கள், மில்காரர் நிற்கிறார், மாமனார் நிற்கிறார். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் யானையிடம் போய் அதைச் சொல்வது யார்? வளைவு தாண்டி அவர் கண்ணுக்கு மறைந்ததும் நிறுத்தி, நானே இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, "சரிங்க மாமா, போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

வளைவில் நிறுத்த இடமில்லை, சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றிருந்தது. இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று போனேன். அதற்கப்புறம் மரமே இல்லாத வெட்டவெளி. நான் வடக்கே போகிறேன், காற்று மேற்கிலிருந்து, இடது பக்கத்தில் அடிக்கிறது. கட்டு இருப்பதும் இடது பக்கம். கண்ணாடியில் பின்மூலை லேசாகத் துடிப்பது தெரிந்தது. அது துடிக்கும்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ரோட்டின் நடுவில் நின்றாலும் பரவாயில்லை என்று நிறுத்தியிருக்க வேண்டும். துடிக்கிற மூலை எந்தக் காலத்திலும் தானாக அடங்காது. முடிச்சு நெகிழ்ந்தது. ஒரே கயிறு என்பதால் ஒரு முடிச்சு போனதும் அத்தனை கொக்கியும் வரிசையாக விட்டுக்கொண்டே வந்தது. தார்ப்பாய் முழுவதும் எழும்பி வண்டிக்கு மேலே நின்றது. என் தலைக்கு மேல் வெயில் மறைந்தது. நான் அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு சத்தமில்லாமல் போவதைப் பார்த்ததில்லை. அது வண்டியைத் தாண்டி வலது பக்கம் போய், எதிரே மொபெட்டில் வந்துகொண்டிருந்த ஒரு மனிதர்மேல் இறங்கியது.

நீ "ஆறுச்சாமி மாமா" என்று கூப்பிடுகிறாயே, அவர்தான். அவர் நமக்குச் சொந்தமில்லை கண்ணு. சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன், உனக்கு இளநீர் சீவிக் கொடுப்பார், நீயாக மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாய், நான் திருத்தவில்லை. அவர் தென்னை மரம் ஏறுகிறவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைப் போல ஏறுகிறவர் இல்லை என்பார்கள். இடுப்பும் வலது காலும் போய்விட்டது. ஆறு மாதம் படுக்கை. அதற்குப் பிறகு மரம் ஏறவில்லை, தேங்காய்க் களத்தில் உட்கார்ந்து காய் பிரிக்கிற வேலைதான். பிறவியிலேயே கால் சரியில்லாதவர் என்று நீ நினைத்திருந்தாய். அதையும் நான் திருத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அப்புச்சி என் பக்கத்தில் நின்றிருந்தார். நான் "கயிறு அறுந்துபோச்சுங்க" என்றேன். அப்புச்சி மறுநாளே வீட்டிலிருந்த பழைய கயிறு அத்தனையையும் எடுத்து வெளியே போட்டுவிட்டுப் புதுக் கயிறு வாங்கி வந்தார். சாகிறவரை, கயிறு விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டேதான் செத்தார். கடைசிக் கட்டையும் அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். நான் வளைவு தாண்டி நிறுத்தி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் கால் போனதற்குப் பிறகும் அப்படித்தான் செய்தேன் என்று எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது. அதைத்தான் இப்போது நீ பேக்கரியில் செய்கிறாய். நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை, எப்படித்தான் அச்சடித்த மாதிரி வந்ததோ தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கொப்பரை பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு ஆறுச்சாமியிடம் போனேன். களத்தில் காய்க் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க, தம்பி வரலீங்களா?" என்றார். உன்னைத்தான் கேட்டார்.

"வரலைங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க."

"சொல்லுங்க."

"அன்னைக்குக் கயிறு அறுகலைங்க. முடிச்சு நெகுந்துபோச்சு."

அவர் கையில் இருந்த காயைத் தட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, ஒரு பக்கம் போட்டார். "அது தெரியுமுங்க" என்றார். "அந்தக் கயிறு எம்மேலதானுங்க கெடந்துச்சு. ஆள் வந்து எடுக்கற வரைக்கும் அதையே பாத்துட்டுக் கெடந்தேன். நைலான் கயிறு பிரியாம இருக்க முனைய உருக்கி வெச்சது வெச்சபடி இருந்துச்சு. அறுந்த கயிறு அப்படி இருக்காதுங்களே."

இத்தனை வருடமும் இந்த மனிதர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டு, நான் சொன்ன பொய்யையும் பத்திரமாக வைத்திருந்தார். "அப்பறம் ஏனுங்க ஒரு நாளும் கேக்கல?" என்றேன்.

"நீங்க கயிறுன்னு சொன்னீங்க. பெரியவரு பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு. வயசானவர வெச்சுக்கிட்டு நான் என்னத்தைக் கேக்கறதுங்க."

அதோடு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் பாதி உண்மை சொல்லப் போகவில்லை நான். "நெகுந்துபோகும்னு எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. வெரலை உட்டுப் பாத்தேன். வளைவு தாண்டிக் கட்டிக்கலாம்னு வண்டிய எடுத்துப்போட்டேன்" என்றேன்.

அவர் இன்னொரு காயை எடுத்தார். தட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார். அன்றைக்கும் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, களத்தில் உரிமட்டையெல்லாம் உருண்டது. "அது எனக்குத் தெரியாதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நான் "வாரேனுங்க" என்றேன். "செரிங்க" என்றார். அன்று இளநீர் வெட்டவில்லை. இனிமேல் வெட்டுவாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கிற உரிமையும் எனக்கில்லை. ஆனால் அவ்வளவு பெரிய மனசை என் ஆயுசில் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. மலைச் சந்தில் வருகிற காற்றைப் பார்த்து வாயைப் பிளந்தேன் என்று மேலே எழுதினேனே, அந்தக் களத்தில் நின்றபோது அதைவிடச் சின்னவனாகிப் போனேன்.

இப்போது என் கையைப் பற்றி. நீ கண்டுபிடித்ததை நானும் ஒப்புக்கொள்கிறேன். வலது கையில் கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போய் ஒரு வருடம் இருக்கும். சட்டைப் பொத்தானை உன் அம்மாதான் போட்டுவிடுகிறாள், அதை உன்னிடம் மறைக்க அவளும் கூட்டு. கயிற்றை இழுக்கும்போது இறுகிவிட்டது என்று கண்ணை நம்பிச் சொல்கிறேன், கை எனக்கு எதையும் சொல்வதில்லை. ஒரு லாரிக்காரனுக்கு இதைவிட வெட்கம் வேறில்லை. ஆனாலும் மில்லில் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டு, "பெரியவரு வரட்டும்" என்று நிற்கும்போது என் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாளும் கட்டிக்கொண்டிருந்தேன். என் மாமனாரும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் கட்டினார் என்று இப்போது தெரிகிறது.

நீ ஒரே கயிறு வேண்டாம், கொக்கிக்கு ஒரு துண்டுக் கயிறாகத் தனித்தனியாகக் கட்டலாம், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே சொன்னாய். உன் படிப்பை வண்டிக்கு வெளியே வை என்றேன். நீ சொன்னதுதான் சரி. தார்ப்பாய் இரண்டாகப் போடும்போது பின்னால் இருப்பதை முதலில் விரித்து, முன்னால் இருப்பது அதன்மேல் ஏறும்படி போடுகிறாயே, ஓடு வேய்கிற அந்தக் கணக்கும் சரி. தார்ப்பாய் போடுவது சரக்கு நனையாமல் இருக்கத்தான், அதைப் பிடித்து வைக்க அல்ல, பெல்ட்டில் கஞ்சத்தனம் பண்ணாதே. காற்று அதிகமாக இருக்கும்போது ஆளை லோடின்மேல் ஏற்றாதே, தரையில் நின்று செய்ய முடிந்ததைத் தரையில் நின்று செய். முடியாவிட்டால் காற்று அடங்கட்டும். மில்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், மெத்தை ஒரு நாள் தாமதமாக வந்தது என்று யாரும் தூங்காமல் இருக்கப்போவதில்லை. பேக்கரியில் நிறுத்திப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடாதே, ஓடத் தொடங்கியதும் மூட்டை அமுங்கும், கட்டு தளரும். அது கட்டைச் சரிபார்க்கிற இடமாக இருக்கட்டும். என் கெட்ட கட்டை மறைக்கிற இடமாக இருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை லோடு இருக்கிறது. கடைசிக் கட்டை நான் கட்டப்போவதில்லை, நீயே கட்டு என்று இந்தக் கடிதத்தில் எழுதிவிடலாம், எழுதவும் செய்தேன், பிறகு அடித்துவிட்டேன். ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும். மில் வாசலில் ஆறு பேர் வழிவிட்டு நின்றால் என் கால் என்னைக் கேட்காமல் பின்மூலைக்குப் போய்விடும், நீயும் பேசாமல் ஒதுங்கிவிடுவாய். அதனால் கட்டுவேன் என்றே வைத்துக்கொள். நான் கட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்ததும் நீ வா. பேக்கரி வரைக்கும் போகாதே, வளைவு வரைக்கும் போகாதே, வண்டி ஓரடி நகரக் கூடாது. லோடுமேன்கள் பார்க்கட்டும், மில்காரர் பார்க்கட்டும், அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு உன் இடது கையால் இழுத்துக் கட்டு. என் முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் உன் கை தளர்ந்துவிடும். இவ்வளவும் எழுதிய பிறகும், அந்த நேரத்தில் பழக்கதோஷத்தில் நான் "எவன்டா என்ற கட்டை அவுத்தது" என்று கத்தினாலும் கத்துவேன். கத்தினால் நீ சரிங்கப்பா என்று சொல்லாதே. "நாந்தானுங்கப்பா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, இன்னும் ஒரு இழுப்பு இழு.

உன் அப்பா